ஏற்காட்டு ஏரியும் அணுக் கூண்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அந்தப் பாதையில் ஏறுகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். காப்பித் தோட்டங்களைப் பார்க்கிறார்கள். இரவில் மலை விளிம்பில் நின்று, கீழே மின்மினிக் கூட்டம் போல் மினுக்கும் சேலம் நகரத்து விளக்குகளைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் பலாப்பழமும் காப்பிப் பொடியும் வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். ஆனால் அந்தச் சேர்வராயன் மலையே ரஸாயன சாஸ்திரத்தில் ஒரு பெரிய பாடம் என்பது அநேகருக்குத் தெரியாது. இன்று உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளில் மிகவும் நுட்பமான வேலைகளில் ஒன்று, உலோக அணுக்களைக் கொண்டு கூண்டு கட்டுவது. அந்த வேலையைப் புரிந்துகொள்ள ஏற்காட்டைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

"அணுவாவது, கூண்டாவது! அடுத்த பக்கத்தில் தொடர்கதை இருக்கிறதே!" என்று நேயர்கள் ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையிலும் சிறையிருக்கும் ஜீவன்கள் உண்டு. சிறையை விட்டுத் தப்பியோடுவது உண்டு. வாழ்வும் வீழ்ச்சியும் உண்டு. முடிவில் நம் நாட்டைப் பற்றிய ஒரு கேள்வியும் உண்டு.

கரை உள்ள வரையில்

ஏற்காட்டு ஏரி கடல் மட்டத்துக்குச் சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் இருப்பதோ சுமார் 900 அடி உயரத்தில். தண்ணீரின் சுபாவம் பள்ளத்தை நாடுவது. அப்படியிருக்க, ஏரித் தண்ணீர் ஏன் சேலத்துக்கு ஓடிவிடவில்லை? மேலே இருப்பதில் அதற்குப் பிரியம் உண்டு என்பதல்ல காரணம். சுற்றிலும் கரை இருக்கிறது, அவ்வளவுதான். கரை உள்ள வரையில் ஏரி பல்லாண்டு வாழும். கரை உடைந்தால் ஒரே நாளில் கீழே வந்து சேரும்.

பொருள்களிலும் இம்மாதிரி உண்டு. கீழே இறங்கிவிட வேண்டிய பொருள், இறங்குவதற்கு வழியில்லாமல் மேலேயே தங்கிவிடும். இதை விஞ்ஞானிகள் 'மெட்டாஸ்டேபிள்' நிலை என்கிறார்கள். நாம் 'கரை கட்டிய நிலை' என்று வைத்துக்கொள்வோம். இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்மணிகளின் காதிலே ஜொலிக்கும் வைரத் தோடே போதும். வைரமும் கரி, பென்சிலுக்குள் இருக்கும் கறுப்பு எழுதுபொருளும் கரி. பூமியின் மேற்பரப்பில், சாதாரண அழுத்தத்தில், கரிக்கு உரிய அடிமட்ட நிலை பென்சில் கரிதான். வைரம் பூமியின் அடிவயிற்றில் பிறந்து, மேலே வந்தபின் இறங்க வழி தெரியாமல் நிற்கிறது. அது பென்சில் கரியாகச் சரிந்துவிடுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். இந்த ஏரியின் கரை மிக மிக உயரமானது.

சேர்வராயன் மலைப் பாறையும் அப்படிப்பட்டதே. நீலமும் கறுப்பும் கலந்த அந்தப் பாறைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய சமாதிக் கல்லை 1893-ல் ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, அந்தச் சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் இட்டார். அந்தச் சமாதிக் கல் போனதும் நம் சென்னைப் பக்கத்திலிருந்துதான். சேர்வராயன் மலையில் இந்தப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பல மைல் ஆழத்தில், பயங்கரமான உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் உருவாயிற்று. பிறகு பூமியின் அசைவினாலும், மேலிருந்த பாறைகள் தேய்ந்ததனாலும் வெளிச்சத்துக்கு வந்தது. நம் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றதல்ல அதன் அமைப்பு. ஆயினும், மாறுவதற்கு வேண்டிய வழி எளிதில் கிட்டாததால் அப்படியே நிற்கிறது.

மழை அந்தக் கரையை மெள்ள மெள்ள அரித்தது. கோடை மழையும் வடகிழக்குப் பருவ மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறையை ஊறவைத்து, அதிலிருந்த மணற்சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் கரைத்துக்கொண்டு போயின. கரையாமல் மீந்தவை அலுமினியமும் இரும்பும். மலையின் உச்சிப் பரப்புகளில் செம்மண்ணோடு கிடக்கும் 'பாக்ஸைட்' என்னும் தாது இவ்வாறு உண்டானதுதான். மலையடிவாரத்திலும் இதே கதை வேறு உருவத்தில் நடந்திருக்கிறது. பகலில் மலை விளிம்பிலிருந்து பார்த்தால் சேலத்துக்கு அருகே வெள்ளை வெளேரென்று தோண்டிய திட்டுக்கள் தெரியும். வெள்ளைக்காரர்கள் அவற்றைச் 'சாக் ஹில்ஸ்' என்று, அதாவது சாக்கட்டிக் குன்றுகள் என்று அழைத்தார்கள். அங்கே சாக்கட்டி கிடையாது. இருப்பது 'மாக்னஸைட்' என்னும் வெள்ளைக்கல். ஆழத்திலிருந்து வந்த பசும்பாறை ஒன்று, கரியமில வாயு கலந்த நீர் பட்டு மாறியதால் வந்த பொருள் அது. இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு அதிலிருந்து செங்கல் செய்கிறார்கள்.

ஆக, மலைப்பாறை ஏரி. பாக்ஸைட்டும் வெள்ளைக்கல்லும் அந்த ஏரி உடைந்து சேர்ந்த சமவெளி.

கூண்டும் கிளியும்

இனி, கூண்டைப் பார்க்கலாம். 1948-ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் ஹெச். எம். பவல் என்னும் விஞ்ஞானி சில விசித்திரமான ஸ்படிகங்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒரு வகை அணுக்கள் கம்பி வலை போலச் சேர்ந்து நிற்கின்றன. வலைக்குள்ளே வேறொரு பொருள் அடைபட்டுக் கிடக்கிறது. உள்ளே இருப்பதற்கும் வலைக்கும் இறுகிய பந்தம் ஒன்றும் இல்லை. கூண்டுக் கிளி கம்பியோடு ஒட்டிக்கொண்டா இருக்கிறது? வெளியே வர வழியில்லை, அதனால் இருக்கிறது. இவற்றுக்கு அவர் லத்தீன் மொழியிலிருந்து 'கிளாத்ரேட்' என்று பெயர் கொடுத்தார். கம்பி அடைத்தது என்பது அதன் பொருள்.

இயற்கை தானாகவே இந்தக் கூண்டுகளைக் கட்டியிருக்கிறது. 2006-ல் இந்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சித் திட்டத்தின்கீழ் ஒரு கப்பல் நம் கடல்களில் துளையிட்டுப் பார்த்தபோது, கிருஷ்ணா-கோதாவரிக் கடற்பகுதியில், கடலடி மண்ணுக்குள், எரியும் பனிக்கட்டி அகப்பட்டது. நீர் அணுக்கூட்டங்கள் கட்டிய கூண்டுக்குள் மீதேன் என்னும் எரிவாயு அடைபட்ட பொருள் அது. அதன் கட்டுமானத்தில் அடிப்படை அலகு ஒன்றுக்கு 46 நீர்க் கூட்டங்கள்; அவை அமைக்கும் கூண்டுகள் 8. இரண்டு கூண்டுகளுக்குப் பன்னிரண்டு முகங்கள், எல்லாம் ஐங்கோணம். மற்ற ஆறு சற்றே பெரியவை. அவற்றில் ஐங்கோணங்களோடு இரண்டு அறுகோணங்களும் சேரும். மார்கழி மாதத்தில் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். ஐங்கோணங்களை மட்டும் வைத்துத் தரையில் இடைவெளியின்றிக் கோலம் போட முடியாது. ஆனால் அவற்றை மடக்கி மூடினால் உருண்டையான கூண்டு கிடைக்கும்.

1965-ல் இதைவிட ஆச்சரியமான செய்தி வந்தது. பிரான்ஸில் போர்தோ நகரத்து விஞ்ஞானிகளும் அமெரிக்காவில் காஸ்பர் என்பவரும் சேர்ந்து, சோடியமும் சிலிகனும் கூடிய பொருள் ஒன்றைக் காற்றில்லாத இடத்தில் காய்ச்சினார்கள். சோடியத்தில் ஒரு பகுதி ஆவியாகப் போயிற்று. மீந்ததை ஆராய்ந்தால், 46 சிலிகன் அணுக்கள், 8 கூண்டுகள், கூண்டுக்கு ஒன்றாக 8 சோடியம் அணுக்கள்! கடலடிப் பனிக்கட்டியில் நீர் போட்ட அதே கோலத்தைச் சிலிகனும் போட்டிருந்தது.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். கூண்டுக் கிளி சும்மா இராது, சிறகடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே அடைபட்ட அணுவும் அப்படியே அதிர்கிறது. அந்த அதிர்ச்சி, பொருளின் வழியே உஷ்ணம் பரவுவதைக் கலைத்துவிடுகிறது. மின்சாரமோ கம்பியின் வழியாக, அதாவது கூண்டின் சட்டத்தின் வழியாக, தடையின்றிச் செல்கிறது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் உள்ள பொருளில் மின்சாரம் பிறக்கும் என்பது 1821-ல் ஸீபெக் கண்ட உண்மை. அதற்கு மின்சாரத்தை விடுகிற, உஷ்ணத்தைத் தடுக்கிற பொருள் வேண்டும். கூண்டுப் பொருள்கள் அத்தகையவை. பேரியம் 8, காலியம் 16, ஜெர்மானியம் 30 என்ற கணக்கில் சேர்ந்த ஒரு பொருள் இதில் பேர்பெற்றது. பேரியம் எட்டும் கிளிகள். மற்ற 46-ம் கூண்டு. புகைபோக்கிகளிலும் மோட்டார் இயந்திரங்களிலும் வீணாகும் உஷ்ணத்தை மின்சாரமாக மீட்க இவை உதவலாம் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள்.

உருட்டிவிட்ட கல்

ஆனால், வேண்டிய கூண்டையெல்லாம் உலையிலிட்டு உருக்கிச் செய்துவிட முடியாது. உதாரணமாக, ஜெர்மானியத்தினாலேயே ஆன காலிக் கூண்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மானியத்தை 938 டிகிரி சென்டிகிரேடில் உருக்கி ஆறவிட்டால் அது கூண்டாக நிற்காது. தனக்கு உரிய அடிமட்ட அமைப்புக்கே போய்விடும். அதிக உஷ்ணம் அணுக்களுக்கு எந்தக் கரையையும் தாண்டும் பலத்தைக் கொடுத்துவிடுகிறது. மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்ட கல் அடிவாரத்தில்தான் போய் நிற்கும். நடுவில் எங்கும் தங்காது.

நடுவில் தங்க வேண்டுமானால், வளைந்து வளைந்து இறங்கும் பாதை வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கும் வண்டி எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் நிற்கலாம் அல்லவா? அதுபோல, உயரத்தில் உள்ள ஒரு பொருளில் ஆரம்பித்து, மிதமான உஷ்ணத்தில் மெதுவாக இறக்கி, வழியில் உள்ள திட்டில் நிறுத்திவிட வேண்டும். பொருள்கள் ஒரேயடியாக அடிமட்டத்துக்குப் பாயாமல் படிப்படியாக இறங்கும் வழக்கமுடையவை என்று ஆஸ்ட்வால்டு என்ற ஜெர்மானியர் 1897-லேயே எடுத்துக் காட்டினார். நம் வீட்டு அடுப்பங்கரையில் இது பழைய ஞானம். பாகு கம்பிப் பதத்தில் இருக்கும்போதே இறக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் பதம் தப்பிவிடும்.

இந்தப் பக்குவத்துக்கு ஏற்ற திரவம் எது? தண்ணீர் உதவாது. சோடியத்தோடு கூடிய இந்தப் பொருள்கள் தண்ணீர் பட்டால் மூர்க்கமாக மாறும். சாதாரணத் திரவங்களோ சூடேறினால் ஆவியாகிவிடும். இங்கேதான் உப்பு வருகிறது.

ஆறின உப்பு

நாம் சமைக்கிற உப்பு 801 டிகிரியில் உருகும். உருகிய உப்பு முழுவதும் மின்னேற்றம் பெற்ற அணுக்களால், அதாவது அயனிகளால் ஆன திரவம். அதன் சக்தியை உலகம் 1886-ல் கண்டது. அலுமினிய மண்ணை நேராக உருக்குவதற்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, கிரையோலைட் என்னும் உப்பை உருக்கி அதில் அந்த மண்ணைக் கரைத்தார்கள். மின்சாரத்தைச் செலுத்தினார்கள், அலுமினியம் பிரிந்தது. அதற்கு முன்பு அபூர்வமாயிருந்த உலோகம் பிறகு அடுப்பங்கரைப் பாத்திரமாயிற்று.

இந்த முறையே சேர்வராயன் மலையைத் தொழிலுலகத்தோடு சேர்த்தது. 1965-ல் மேட்டூரில் அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்ஸைட் அதற்கு இரையாயிற்று. ஏறக்குறைய நாலு டன் தாதுவிலிருந்து இரண்டு டன் வெள்ளைப் பொடி. அதிலிருந்து ஒரு டன் உலோகம். மிச்சம் மீறுவது செஞ்சேறு. ஆலையின் உருக்குப் பிரிவு 2008-ல் மூடப்பட்டது.

ஆனால், அணுக் கூண்டு கட்டுவதற்கு 900 டிகிரி உப்பு உதவாது. அந்த வெப்பத்தில் கல் அடிவாரத்துக்கு உருண்டுவிடும். உப்பாகவும் இருக்க வேண்டும். ஆறினதாகவும் இருக்க வேண்டும். 1914-ல் பால் வால்டன் என்பவர் 12 டிகிரியிலேயே உருகும் ஓர் உப்பைப் பற்றி எழுதினார். அது எப்படிச் சாத்தியம்? ஒரே அளவுள்ள பித்தளை டம்ளர்களை அலமாரியில் அடுக்கினால் அசையாமல் நிற்கும். கூஜாவையும் குத்துவிளக்கையும் இடியாப்பக் குழலையும் கலந்து அடுக்கிப் பாருங்கள், தொட்டால் சரியும். சமையலுப்பின் அயனிகள் டம்ளர்கள். இந்தப் புது உப்புக்களில் ஓர் அயனி பெரிதாகவும் கோணலாகவும் இருப்பதால் அடுக்கு நிலைப்பதில்லை. குறைந்த சூட்டிலேயே உப்பு திரவமாகிறது. ஆவியாவதும் மிகச் சொற்பம். இவற்றை 'அயனித் திரவம்' என்கிறார்கள்.

1948-ல் அமெரிக்காவில் ஹர்லி, வியர் என்ற இருவர், அலுமினியம் குளோரைடையும் ஒரு கோணல் உப்பையும் கலந்து இப்படியொரு திரவத்தைச் செய்து அலுமினிய முலாம் பூசக் காட்டினார்கள். உப்புக் கரைசலிலிருந்து வெளிவந்த அலுமினியம், இப்போது தானே ஒரு புது உப்புத் திரவத்துக்கு அங்கமாயிற்று. நம் கதைக்கு வேண்டிய திரவமும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

காலிக் கூண்டு

ஜெர்மானியத்துக்கே ஒரு கதை உண்டு. 1871-ல் ருஷ்ய மேதை மெண்டெலீவ், இன்ன குணங்களையுடைய ஒரு மூலகம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னார். 1886-ல், அதாவது அலுமினியம் எளிதான அதே வருஷத்தில், சாக்ஸனி நாட்டு ஃப்ரைபர்க் நகரத்தில் விங்க்ளர் அதைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத் தக்க டிரெஸ்டன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில், 120 ஆண்டுகளுக்குப் பின், 2006-ல், அந்த ஜெர்மானியத்துக்குப் புது உருவம் கிடைத்தது. அமெரிக்காவில் ஹூஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்னால்டு குலாய், டிரெஸ்டனில் யூரி கிரின் முதலியோர் சேர்ந்து செய்த வேலை அது.

அவர்கள் எடுத்துக்கொண்டது சோடியமும் ஜெர்மானியமும் கூடிய பொருள். அதில் சோடியம் தன் எலெக்ட்ரான்களை ஜெர்மானியத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஜெர்மானிய அணுக்கள் ஒன்பது ஒன்பதாகக் குழு சேர்ந்து, குழுவுக்கு நாலு எலெக்ட்ரான்களைக் கூடுதலாகச் சுமந்து நிற்கின்றன. இத்தகைய குழுக்களை ஆராய்ந்த ஜெர்மன் ரஸாயனி எட்வர்டு ஸிண்டல் பெயரால் இப்பொருள்களை அழைக்கிறார்கள். கடன் பணத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பம் போல, இந்தக் குழு உயரத்தில், நிம்மதியில்லாமல் இருக்கிறது. அதை அலுமினியம் குளோரைடு சேர்ந்த அயனித் திரவத்திலிட்டு, சுமார் 300 டிகிரியில் வைத்தார்கள். திரவம் கூடுதல் எலெக்ட்ரான்களை மெதுவாக வாங்கிக்கொண்டது. சோடியம் உப்பாகி விலகிற்று. சுமை இறங்கிய அணுக்கள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டன. அடிவாரத்துக்கு ஓட வேண்டிய பலத்தை 300 டிகிரி அவற்றுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே, நடுவழித் திட்டிலேயே நின்றன.

கிடைத்தது, அலகுக்கு 136 ஜெர்மானிய அணுக்கள் கொண்ட கூண்டுக் கட்டிடம்: சிறிய கூண்டுகள் 16, பெரியவை 8. உள்ளே கிளி ஒன்றுகூட இல்லை! எந்த உலையாலும் உருக்கிச் செய்ய முடியாத ஒரு புது ஜெர்மானியம். 2009-ல் பொட்டாஸியத்தைக் கொண்டு இதே முறையில் கிளியுள்ள கூண்டையும் அவர்கள் செய்து காட்டினார்கள். விளைந்தது சிறு அளவே. ஜெர்மானியமும் விலை மிகுந்தது. அயனித் திரவங்களும் விலை மிகுந்தவை. ஆகையால், இது நாளைக்கே கடைக்கு வரும் சரக்கல்ல. ஆயினும், கையாளத் தெரிந்தால் மூலகங்கள் நமக்குப் பழக்கமான உருவத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பது ருசுவாகிவிட்டது.

நமக்கு உள்ள கேள்வி

பவல் கூண்டுக்குப் பெயர் வைத்ததும், ஹர்லியும் வியரும் அலுமினிய உப்பைத் திரவமாக்கியதும் 1948 என்று சொன்னோம். அதே 1948-ல், ஜூலை 25-ந் தேதி, காரைக்குடியில் ஜவாஹர்லால் நேரு ஓர் அஸ்திவாரக் கல்லை நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, மத்திய மின்ரஸாயன ஆராய்ச்சி நிலையம் அங்கே எழுந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. உருகிய உப்பில் மின்சாரம் செலுத்தி மக்னீஷிய உலோகம் எடுக்கும் முறைகளை அந்த நிலையம் ஆராய்ந்தது. பொட்டல் காட்டில் கட்டிய அந்த நிலையத்தின் பொருள் என்ன? தாதுவை வெட்டுவது கூலி வேலை. தாதுவின் மர்மத்தை அறிவதே சுதந்திரம் என்பதுதான்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மலையே சொல்லுகிறது. பாக்ஸைட்டை எடுப்பதற்கு ஆள்பலமும் இயந்திரமும் போதும். எடுத்த இடத்தில் அது மறுபடி முளைக்காது. அதை உண்டாக்க மழைக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டியிருந்தன. நீரை உறிஞ்சி வைத்துச் சுனைகளுக்கு ஊட்டும் மேல் மண்ணும், காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரமும், மலையாளிகள் என்னும் மலைவாழ் மக்கள் சேர்வராயனைத் தொழும் உச்சியும் அந்தப் பரப்பில்தான் இருக்கின்றன. ஏரிக் கரையை உடைப்பது ஒரு நாள் வேலை. தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவது யாராலும் ஆகாது.

ஒரு டன் தாதுவுக்குக் கிடைக்கும் விலை சொற்பம். அதே உலோகத்தின் உப்பு, விஷயம் தெரிந்தவர் கையில் ஒரு பிடி இருந்தால், உலகம் காணாத பொருளைக் கட்டித் தரும். முன்னதற்கு மலையை இழக்கிறோம்; பின்னதற்கு மலை அப்படியே இருக்க, பிள்ளைகளின் படிப்பு வளர வேண்டும். சேலத்துப் பள்ளிக்கூடங்களிலும் காரைக்குடி ஆராய்ச்சிச் சாலையிலும் இன்று ரஸாயனம் படிக்கும் இளைஞர்களும் யுவதிகளும் எதைக் கற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நம் மலைகளின் கதி இருக்கிறது.

அடுத்த முறை ஏற்காடு போகும் அன்பர்கள் ஏரிக் கரையில் ஒரு கணம் நின்று, அந்தத் தண்ணீர் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று குழந்தைகளைக் கேட்டுப் பார்க்கட்டும். சரியான விடை சொல்லும் குழந்தைக்கு ஒரு கமலாப்பழம் வாங்கிக் கொடுக்கலாம். அணுக் கூண்டு கட்டப் போகிற கை அதுவாக இருந்தாலும் இருக்கலாம்.